நீலகிரிப் பள்ளிகளில் உள்ளூர்ச் சூழலைப் பாடமாக்குவது எப்படி: ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியில் நீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியை வைத்துப் பார்த்தால், 92 அல்லது 93 டிகிரியில் அளவு நின்றுவிடும். அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தாலும் அதற்கு மேல் ஏறாது. பாடநூல் பொய் சொல்லவில்லை. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் என்ற நிபந்தனையைப் படிக்கும் யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. 2,200 மீட்டர் உயரத்தில் வாழும் பிள்ளைக்கோ அந்த நிபந்தனைதான் பாடத்தின் உயிர். தன் வீட்டில் பருப்பு ஏன் எளிதில் வேகாது, அம்மா ஏன் குக்கரை விட்டு அகலுவதில்லை என்பதற்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதை 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தன் வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்காக 2022-இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. எனவே, சூழலைப் பாடத்துக்குள் கொண்டுவர விரும்பும் ஆசிரியர் தனித்து நிற்பவர் அல்லர். இருந்தும் நடைமுறையில் இந்த முயற்சி ஆண்டுக்கு ஒரு முறை தாவரவியல் பூங்காவுக்குச் சென்று வருவது, ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது என்ற அளவில் நின்றுவிடுகிறது. பூங்காவுக்குச் செல்வதில் தவறில்லை. ஆனால் ஒரே ஒரு முறை பார்க்கும் இடத்தில் மாற்றத்தைக் காண முடியாது; மாற்றத்தைக் காணாத இடத்தில் காரணம் தேடும் கேள்வி எழாது.

ஆகவே இங்கு முன்வைக்கப்படும் முறை எளியது. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் இரண்டு மூன்று பொருள்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப அளந்து பதிந்து, அந்தப் பதிவுகளைக் கொண்டே பாடநூலில் உள்ள பாடங்களை நடத்துவது. இதற்குப் பேருந்து வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்; வேண்டியது ஒழுங்கு.

முதல் படி: ஆசிரியர் தனியே நடந்து பார்ப்பது

மாணவர்களை அழைத்துச் செல்வதற்கு முன், ஆசிரியர் பள்ளி வாயிலிலிருந்து நாலா பக்கமும் பத்து நிமிடம் நடக்கக்கூடிய தூரத்தைத் தாமே நடந்து பார்க்க வேண்டும். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளியாயின், அந்த எல்லைக்குள் ஒரு தேயிலைத் தோட்டம், ஒரு சிற்றோடை, சரிவை வெட்டிப் போட்ட சாலை, ஒரு ஹட்டி (படுகர் ஊர்), சில சில்வர் ஓக் மரங்கள், வாய்ப்பிருந்தால் ஒரு சோலைத் துண்டு (மலைப் பள்ளங்களில் வளரும் இயற்கைக் காடு) ஆகியவை இருக்கும். கேத்திப் பள்ளத்தாக்கில் தேயிலைக்குப் பதிலாகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள் இருக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தேயிலையோடு காப்பியும் மிளகும் வயலும் கலந்து கிடக்கும். ஒரே மாவட்டம்தான்; ஆனால் ஒரு பள்ளியின் பட்டியல் இன்னொரு பள்ளிக்குப் பொருந்தாது. அதனால்தான் அச்சடித்துக் கிடைக்கும் செயல்பாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

நடக்கும்போது ஒரு தாளில் வரைபடம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகளை எழுப்பிக் குறிக்க வேண்டும். இங்கே எதை அளக்க முடியும்? ஒரு மாதம் கழித்து வந்தால் எது மாறியிருக்கும்? இதைப் பற்றி நன்றாக அறிந்தவர் ஊரில் யார்? மூன்றுக்கும் விடை கிடைக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். அழகான காட்சிமுனை ஒன்று இருந்து, அங்கே அளக்க எதுவும் இல்லையென்றால், அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தோடு பொருத்துவது

பல நல்ல முயற்சிகள் இங்குதான் தடுமாறுகின்றன. வெளியே போவது பாடத்தை முடித்தபின் கிடைக்கும் உபரி நேரத்தில் செய்யும் வேலை என்று கருதினால், அந்த உபரி நேரம் எந்தப் பருவத்திலும் வராது. எனவே பருவத் தொடக்கத்திலேயே பாடநூல்களை விரித்து வைத்துக்கொண்டு, கற்றல் விளைவுகளில் எவை தம் பட்டியலில் உள்ள இடங்களோடு பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். பரப்பளவு, கன அளவு, விகிதம், சராசரி, வரைபடங்கள் ஆகிய கணிதப் பகுதிகள் ஏறத்தாழ எல்லா இடங்களோடும் பொருந்தும். நீர்ச்சுழற்சி, மண், வெப்பம், தாவர வகைப்பாடு ஆகியவை அறிவியலிலும், நிலத்தோற்றமும் தொழில்களும் சமூக அறிவியலிலும், நேர்காணலும் கட்டுரையும் மொழிப்பாடத்திலும் இடம்பெறும்.

ஒரு பருவத்துக்கு இரண்டு இணைப்புகள் போதும். எல்லாப் பாடங்களையும் வெளியே கொண்டுபோக நினைப்பது சோர்வில் முடியும். பின்னங்களின் வகுத்தலையோ இலக்கணப் புணர்ச்சியையோ வகுப்பறையிலேயே நன்றாகக் கற்பிக்கலாம். ஓடைக்கரையில் உட்கார்ந்து கற்பிப்பதால் அவை கூடுதலாகப் புரிந்துவிடப் போவதில்லை.

மூன்றாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் ஆகிய மூன்றும் முதலில் கையில் இருக்க வேண்டும். எஸ்டேட் நிலமானால் மேலாளரிடமும், சிறு விவசாயியின் தோட்டமானால் அவரிடமும் நேரில் சென்று கேட்க வேண்டும். சோலை பெரும்பாலும் காப்புக்காடாக இருக்கும். தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே மனு கொடுத்தால், வனக்காப்பாளர் ஒருவரைத் துணைக்கு அனுப்பும் வாய்ப்பும் உண்டு. அப்படி வருபவர் அன்றைய பாடத்துக்கு ஆசிரியரைவிடப் பொருத்தமானவராக இருப்பார்.

விலங்குகளைப் பொறுத்தவரை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் காட்டெருமையும் கரடியும், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானையும் முதன்மையான அபாயங்கள். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை மூன்றரை மணிக்குப் பின்னும் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லக் கூடாது. புறப்படும் நாளன்று காலையில், அவ்வழியே கொழுந்து பறிக்கச் சென்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எந்தக் கருவியைவிடவும் நம்பகமானது. மூடுபனி இறங்கி இருபது அடி தூரம் தெரியாமல் போனால், எந்தச் செயல்பாடாக இருந்தாலும் அதைப் பாதியில் நிறுத்தித் திரும்ப வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அட்டைகளுக்காகக் கொஞ்சம் உப்பை எடுத்துக்கொள்ளலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் பெய்து ஓய்ந்த உடனேயும் ஓடைக்குள் யாரும் இறங்கக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழையின் நீர் கீழே வந்து சேரச் சற்று நேரம் ஆகும் என்பதை மாணவர்களுக்கு முன்பே விளக்கிவிட வேண்டும். பெரிய வகுப்பாயின் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுடனும் இரு பெரியவர்கள் செல்வது நல்லது.

நான்காம் படி: மழையை அளப்பது

ஒரே ஒரு செயல்பாட்டைத்தான் செய்ய முடியும் என்று ஒரு பள்ளி சொன்னால், நான் மழைமானியைத்தான் சொல்வேன். பள்ளி வளாகத்தை விட்டு வெளியேறவே வேண்டாம். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் அதில் வேலை இருக்கிறது.

மழைமானி செய்யப் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ள நீலகிரி மாவட்டத்தில் அப்படிச் சொல்வது பொருத்தமாக இராது. பக்கங்கள் நேராக இருக்கும் தகர டப்பா ஒன்றே போதும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கண்ணாடியைப் போல் அது விரிசலும் விடாது. அடிப்பாகம் குவிந்தோ குழிந்தோ இருந்தால், சிறிது மெழுகு உருக்கி ஊற்றிச் சமன் செய்துகொள்ளலாம். டப்பாவின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி கல் அடுக்கியோ முளையடித்தோ நிறுத்த வேண்டும். அருகில் உள்ள மரம் அல்லது சுவரின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி அதை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடிக்கும் திசைக்கேற்ப மழை மறைக்கப்பட்டுவிடும். மர உயரத்தை நிழலைக் கொண்டு கண்டுபிடிப்பது ஒத்த முக்கோணங்களுக்கு நல்ல பயிற்சி; அதையும் அப்போதே செய்துவிடலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்கிறது. பள்ளிக்கு அந்த நேரம் ஒத்துவராவிட்டால் 9.15 என்று வைத்துக்கொள்ளலாம்; எந்த நேரமானாலும் அதை மாற்றாமல் இருப்பதே முக்கியம். நேரான அளவுகோலை டப்பாவுக்குள் செங்குத்தாக நிறுத்தி, நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் படித்து, பதிவேட்டில் எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். அளவுகோலின் விளிம்பில் சுழி எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடிக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடலாம்; யாராவது ஒருவர் நிச்சயம் கண்டுபிடிப்பார்.

பதிவேட்டில் இரண்டு ஒழுங்குகள் தேவை. மழை இல்லாத நாளுக்கு 0 என்றும், அளக்காத நாளுக்குச் சிறு கோடும் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பின்னால் வரும் சராசரிகள் அனைத்தும் பிழையாகும். திங்கட்கிழமை காலை டப்பாவில் உள்ள நீர் விடுமுறை நாட்களுக்கும் சேர்த்துத்தான். அதை மூன்றால் வகுத்து மூன்று நாட்களுக்கும் எழுத மாணவர்கள் ஆசைப்படுவார்கள். அப்படிச் செய்யாமல் மூன்று நாள் மொத்தம் என்றே எழுதச் சொல்ல வேண்டும். அளந்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த சந்தர்ப்பம் கிடைக்காது. சத்துணவுப் பணியாளரோ இரவுக் காவலரோ அருகில் குடியிருந்தால், விடுமுறை நாட்களிலும் அளந்து தரும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

டப்பா அகலமாக இருந்தால் அதிக மழை காட்டுமா என்ற கேள்வி முதல் வாரத்திலேயே எழும். விடையைச் சொல்லிவிடாமல், வெவ்வேறு விட்டம் கொண்ட இரண்டு டப்பாக்களை அருகருகே வைத்து ஒரு மழை நாளில் பார்க்கச் செய்ய வேண்டும். இரண்டிலும் உயரம் ஒன்றாகவே இருப்பதைக் கண்டபின், கன அளவு என்பது அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிக் கிடைப்பது என்ற சூத்திரத்துக்குப் பொருள் வந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு அடுத்த கட்டம் ஒன்று உண்டு: 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலை 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள டப்பாவின் மேல் பொருத்தினால், 10 மில்லிமீட்டர் மழை எவ்வளவு உயரம் நிற்கும்? விட்டம் இரு மடங்கு என்பதால் 20 என்று பெரும்பாலோர் சொல்வார்கள். பரப்பு நான்கு மடங்கு என்பதால் விடை 40. தூறலாகப் பெய்யும் நாட்களில் துல்லியமாக அளக்க இந்தப் புனல் உண்மையிலேயே உதவும்.

அடுத்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் என்ற உறவை மாணவர்களே கணக்கிட்டு அடைய வேண்டும். அதைக் கொண்டு பள்ளிக் கூரைக்குச் செல்லலாம். 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கட்டடத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. மலையில் கூரைகள் சரிவானவை. எனவே தகரத்தின் சரிந்த நீளத்தை எடுப்பதா, தரையில் அது மறைக்கும் நீளத்தை எடுப்பதா என்று ஒரு வாக்குவாதம் எழும். தரைப்பரப்பே சரி என்பதை அவர்கள் படம் வரைந்து தெளியட்டும். அந்த 4,000 லிட்டர் எங்கே போகிறது என்று கூரையிலிருந்து வடிகாலைப் பின்தொடர்ந்து நடந்தால், அடுத்த படிக்கான வழி தானாகத் திறக்கும்.

இந்தச் செயல்பாட்டின் மிக வளமான பகுதி, வேறொரு பள்ளியோடு பதிவுகளை மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பகுதிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையே பெருமழை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்தது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் அடித்துப் பெய்யும். கூடலூரில் ஒரு பள்ளியும் கோத்தகிரியில் ஒரு பள்ளியும் மாதந்தோறும் மொத்த மழையளவை அனுப்பிக்கொண்டால், ஆண்டின் முடிவில் இரண்டு வரைபடங்களும் எதிரெதிரே ஏறி இறங்குவதைக் காணலாம். காற்றின் திசை, மலை மறைவு ஆகியவற்றை விளக்கும் புவியியல் பாடத்தை அந்த வரைபடங்களுக்குப் பிறகு நடத்த வேண்டும். முன்னால் நடத்தினால் பாதிச் சுவை போய்விடும்.

ஐந்தாம் படி: மண்ணும் சரிவும்

மழை ஓய்ந்து போதிய நேரம் கழிந்தபின், ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ மூன்று இடங்களில் வடியும் நீரை ஒரே அளவுள்ள கண்ணாடிக் குப்பிகளில் பிடித்து வரவேண்டும்: தேயிலைச் சரிவின் வாய்க்கால், காய்கறி வயலின் வடிகால், சோலையிலிருந்து வரும் நீர். குப்பிகளில் இடமும் நேரமும் எழுதி ஒட்டி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் படியும். அதன் தடிமனை அளந்து ஒப்பிடலாம். எந்தக் குப்பி அதிகம் கலங்கியிருக்கும் என்று முன்கூட்டியே ஒவ்வொருவரும் எழுதி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு நிதானம் காக்க வேண்டும். காய்கறி வயலின் நீர்தான் அதிகம் கலங்கியிருந்தால், அந்த வயல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியின் தந்தையுடையதாக இருக்கலாம். குற்றம் சாட்டும் தொனி வந்துவிட்டால் பாடம் கெட்டுவிடும். மண்ணை இழப்பது விவசாயிக்குத்தான் முதல் நட்டம் என்பதால், அதைத் தடுக்க அவர் என்னென்ன செய்கிறார், எதைச் செய்ய ஏன் முடிவதில்லை என்பதை அவரிடமே கேட்கச் செய்வது நேர்மையான வழி. கார்போகம், நீர்போகம், கடைபோகம் ஆகிய மூன்றில் எந்தப் போகத்தில் மண் அதிகம் போகிறது என்ற கேள்விக்கு, மாணவர்களின் மழைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய விடை அவரிடம் இருக்கும்.

சரிவை அளக்கக் கொத்தனாரின் ரசமட்டமும் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையும் போதும். கட்டையின் ஒரு முனையை மேட்டுத் தரையில் வைத்து, ரசமட்டம் சமம் காட்டும்வரை மறுமுனையைத் தூக்கிப் பிடித்து, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் இறக்கம் என்பது தெரிந்துவிடும். இதை மலை ரயிலோடு ஒப்பிடலாம். மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் புறப்படும் ரயில், 46 கிலோமீட்டர் ஓடி, உதகையில் சுமார் 2,200 மீட்டரை அடைகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரப் பாதையில் அதன் ஏற்றம் 12-க்கு 1. முழுப் பாதைக்கும் சராசரி ஏற்றத்தைக் கணக்கிட்டால் 25-க்கு 1 என்ற அளவில்தான் வரும். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டால், சராசரி என்பது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை மாணவர்கள் ரயில் பாதையிலிருந்தே கற்றுக்கொள்வார்கள். பள்ளிக்குப் பின்னால் உள்ள தேயிலைச் சரிவு பெரும்பாலும் பற்சக்கரப் பாதையைவிடச் செங்குத்தாக இருப்பதும் தெரியவரும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நிலச்சரிவையும் இங்கேயே நடத்தலாம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல குடும்பங்களில் அந்த நினைவு இன்னும் ஆறவில்லை என்பதால், இதைக் கதையாக்காமல் அறிகுறிகளைப் பாடமாக்குவதே தகும். தரையில் புதிதாகத் தோன்றும் விரிசல், சாயத் தொடங்கும் மரங்களும் மின்கம்பங்களும், தெளிவாக ஓடிய ஊற்றில் திடீரென்று வரும் கலங்கல் ஆகியவற்றைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மரம் நடுவதைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நீலகிரியின் மேல்மலைப் பகுதியில் இயற்கையான நிலம் என்பது பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் சேர்ந்தது. புல்வெளி காலியிடம் அன்று. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் ஓடைகளுக்குக் கசியவிடுவது அதுதான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் அங்கே நடப்பட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எனவே புல்வெளியில் மரக்கன்று நடும் பள்ளி விழா எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும் தீங்குதான். அந்த நாளில், பள்ளி எல்லைக்குள் மண்டியிருக்கும் அயல் களையான உண்ணிச்செடியை (லாண்டானா) வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் எவை தாமாக முளைக்கின்றன என்று மாதந்தோறும் பார்ப்பது கூடுதல் பயன் தரும்.

ஆறாம் படி: சத்துணவுக் கூடமும் தேயிலைக் கொழுந்தும்

கொதிநிலைச் சோதனையைப் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. ஆய்வக வெப்பமானியை முதலில் உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உயரம் 300 மீட்டர் கூடும்போது கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. அதன்படி சுமார் 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் 94 டிகிரியும், ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டிய கூடலூரில் 96 அல்லது 97 டிகிரியும் எதிர்பார்க்கலாம். மேட்டுப்பாளையத்துப் பள்ளி ஒன்றும் அளந்து அனுப்பினால், உயரத்தையும் கொதிநிலையையும் வரைபடத்தாளில் குறித்து நேர்கோடு வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து தம் பள்ளியின் உயரத்தை மாணவர்களே கண்டறியலாம். சாதம் வேக எவ்வளவு நேரமாகிறது, சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர்கள் எதில் தடுமாறுவார்கள் என்பதைச் சமையலரிடம் கேட்டு எழுதுவது அந்தச் சோதனையின் இரண்டாம் பகுதி.

தேயிலையைக் கொண்டு விகிதத்தையும் சதவீதத்தையும் நடத்தலாம். நூறு கிராம் பச்சைக் கொழுந்தை எடை போட்டு, நிழலில் உலர்த்தி, நாள்தோறும் எடையைக் குறித்தால், பெரும்பகுதி நீராகவே போய்விடுவதைக் காணலாம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து ஏன் தேவைப்படுகிறது, மழை நாளில் பறித்த இலைக்குத் தொழிற்சாலையில் ஏன் எடையைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று பெற்றோர் வீட்டில் பேசிக்கொள்வதன் பொருள் அப்போது புரியும்.

ஏழாம் படி: ஊர் மனிதர்களை ஆசிரியராக்குவது

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரும், படுகர்களும், 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும், மலையாளமும் கன்னடமும் பேசுவோரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். ஒரே வகுப்பில் நான்கு வீட்டு மொழிகள் இருப்பது இங்கே இயல்பு. பள்ளிக்கு அருகில் உள்ள செடிகொடிகளுக்கும் தவுட்டுப்பழம், விக்கிப்பழம் போன்ற காட்டுப் பழங்களுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்ன பெயர் என்று கேட்டுத் தொகுத்தால், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

பெரியவர்களை அழைக்கும்போது சில மரியாதைகள் உண்டு. பள்ளி நேரம் கூலி நேரமும் ஆகும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த நாளின் கூலியைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஈடு செய்ய வேண்டும். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவது அதற்கு ஈடாகாது. அவரை ஆடச் சொல்வதையும் மரபு உடையில் வரச் சொல்வதையும் தவிர்த்து, அவர் அறிந்த வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். தேன் எடுப்பவரிடம் எந்தப் பூ எந்த மாதத்தில் பூக்கிறது என்றும், தோட்டத் தொழிலாளியிடம் கவாத்து எப்போது, ஏன் என்றும் கேட்கலாம். தோடர் மந்தில் (தோடர் குடியிருப்பில்) கோயிலின் அருகே செல்வதற்கு முறைகள் உண்டு. அவர்கள் அழைக்காமல் போகக் கூடாது. அவர்களுடைய அரைவட்ட முகப்புக் கொண்ட மரபு வீட்டை, அனுமதி பெற்று வெளியிலிருந்து பார்த்தாலே, அரை உருளையின் வளைபரப்பைக் கணக்கிடவும், வாசல் ஏன் அவ்வளவு சிறியது என்று குளிரோடு சேர்த்துச் சிந்திக்கவும் போதுமான பொருள் கிடைக்கும். மருத்துவ மூலிகைகளைப் பற்றி அவர்கள் சொல்வதைப் பள்ளிச் சுவரிலோ இணையத்திலோ வெளியிடக் கூடாது. அந்த அறிவு அவர்களுடையது.

எட்டாம் படி: மதிப்பிடுவது

வெளியே போனோம், மகிழ்ந்தோம் என்பது கற்றலுக்குச் சான்றாகாது. ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் முன் இரண்டு மூன்று கேள்விகளுக்கு மாணவர்கள் எழுதித் தரும் விடைகளை வைத்திருந்து, முடிந்தபின் அதே கேள்விகளை மீண்டும் கேட்டு ஒப்பிட வேண்டும். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென்று உள்ள மதிப்பெண்களுக்கு இந்தப் பதிவுகளையே பயன்படுத்தலாம். தனியே விளக்கப்படம் ஒட்டிவரச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை இதைவிடக் கடினமானது, அதனாலேயே நம்பத் தக்கது. உள்ளூரில் கற்றதை அறியாத ஊருக்குப் பொருத்தச் சொல்ல வேண்டும். சென்னையில் 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர்? இமயமலையில் 5,000 மீட்டர் உயரத்தில் முட்டை வேகுமா? இராமேஸ்வரத்தின் மாத மழைப் பட்டியலைக் கொடுத்து, அது கூடலூரைப் போன்றதா, கோத்தகிரியைப் போன்றதா என்று கேட்டால் என்ன சொல்கிறார்கள்? இத்தகைய கேள்விகளுக்குத் திணறினால், அவர்கள் தம் ஊரைப் பற்றிய செய்திகளை மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்றே பொருள். அந்த நிலையில் அளந்த எண்களுக்குத் திரும்பிச் சென்று, காரணத்தை அவர்களே வாய்விட்டு விளக்கும்வரை மீண்டும் நடத்த வேண்டும்.

ஒன்பதாம் படி: அடுத்தவரிடம் ஒப்படைப்பது

மழைப் பதிவேட்டின் மதிப்பு மூன்றாம் ஆண்டிலிருந்துதான் கூடத் தொடங்கும். அதற்குள் ஆசிரியருக்குப் பணியிட மாறுதல் வந்துவிடலாம். எனவே பதிவேட்டை ஆசிரியரின் கைப்பையில் வைக்காமல், பள்ளியின் மற்றப் பதிவேடுகளோடு தலைமையாசிரியர் அறையில் வைக்க வேண்டும். அதன் முதல் பக்கத்தில் டப்பாவின் விட்டம், புனல் உண்டா இல்லையா, அது நிற்கும் இடத்தின் வரைபடம், அருகில் உள்ள மரங்களின் உயரம், அளக்கும் நேரம், அளவுகோலின் சுழிக்காகக் கூட்ட வேண்டிய மில்லிமீட்டர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். இடமோ டப்பாவோ மாறினால் மாறிய தேதியைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். அளக்கும் பொறுப்பை எப்போதும் அடுத்தடுத்த இரு வகுப்புகளைச் சேர்ந்த இருவரிடம் சேர்த்துக் கொடுத்தால், மூத்தவர் பள்ளியை விட்டுச் செல்லும் ஜூன் மாதத்தில் இளையவர் புதிதாக ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியருக்கும் அவரே கற்றுக்கொடுக்கலாம்.